முதல் சந்தின் தண்ணீர் வார்த்தை

மயிலாப்பூர் லஸ் முனையிலிருந்து வெள்ளிக்கிழமை தோறும் காசு வாங்காமல் கதவிடுக்கில் செருகப்படும் ‘தெற்கு வட்டார மணி’ பத்திரிகையின் ஆசிரியர் ஐயா சமூகத்துக்கு, தியாகராய நகர் எலுமிச்சந்தோட்டம் முதல் சந்திலிருந்து பழைய ரிக்‌ஷாக்காரன் கன்னியப்பன் கும்பிட்டு எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம், மகன் சுகம், மருமகள் சுகம், குழாய் மட்டும் சுகமில்லை. அங்கே தாங்களும் தங்கள் வீட்டாரும் தங்கள் அச்சு இயந்திரமும் நோய் நொடி இல்லாமல் இருக்கத் திருவான்மியூர் மருந்தீசுவரரை வேண்டிக்கொள்கிறேன்.

இது எந்த வருஷம் என்று இதை எழுதித் தரும் பாய் காகிதத்தின் தலையில் எண் போட்டிருப்பார். எனக்கு எண் போட்ட வருஷம் பழக்கமில்லை. பிள்ளையார் பால் குடித்தது ஒரு வருஷம். அதற்கு மறு வருஷம் வைகாசிக் கடைசியில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றி, ரங்கநாதன் தெருவிலிருந்து ஜோடி பிரிந்த செருப்புகள் மாம்பலம் ஸ்டேஷன் வரைக்கும் மிதந்து வந்தன. அதே வருஷம்தான் பலகைகளில் எல்லாம் மெட்ராஸை அழித்துச் சென்னை என்று எழுதினார்கள் என்று சொன்னார்கள். எனக்குப் பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன. அதே வருஷம் கிருஷ்ணா நதித் தண்ணீர் ஆந்திராவிலிருந்து புறப்பட்டுப் பூண்டி வரைக்கும் வந்து, அங்கிருந்து எலுமிச்சந்தோட்டத்துக்கு வழி தெரியாமல் நின்றுவிட்டது. நான் சொல்லப்போவது அதற்கும் மறு வருஷம், அதாவது இந்த வருஷம், நடந்தது.

இந்தக் கடிதத்தை எழுதுகிறவர் தபாலாபீஸ் வாசலில் மேஜை போட்டு மணியார்டர் பாரம் நிரப்பித் தரும் ஹபீபுர் ரஹ்மான் பாய். நான் சொல்வதை அவர் அச்சுத் தமிழாக்கி எழுதுவார். ஆனால் யாராவது பேசிய பேச்சு வந்தால் பேசினபடியே எழுத வேண்டும், கை வைக்கக் கூடாது என்று ஒப்பந்தம். “திட்டுனதையுமா?” என்று கேட்டார். “திட்டுனத்தான் பாய் முக்கியமா எய்தணும்” என்றேன். எழுதியதும் உரக்கப் படித்துக் காட்டுவார். அது அவருடைய தொழில் முறை.

விஷயம் இதுதான். போன வெள்ளிக்கிழமை உங்கள் பத்திரிகையின் மூன்றாம் பக்கத்தில் ‘கணினிக் காலத்தில் கைநாட்டு: ரகசிய வார்த்தை கசிந்து மூன்று நாள் தண்ணீர் போனது’ என்று ஒரு செய்தி போட்டிருக்கிறீர்கள். பாயை மூன்று தடவை படிக்கச் சொன்னேன், மூன்று தடவையும் அதேதான் இருந்தது. ‘எழுத்தறிவில்லாத முதியவர் ஒருவரிடம் வார்த்தையை ஒப்படைத்ததே காரணம் என்று பகுதி மக்கள் கருதுகின்றனர்’ என்று அதில் வருகிறது. பகுதி மக்கள் என்பது சந்து முனை மாடி வீட்டுச் சுப்பராமன் சார். அவர் ஒருவர்தான், ஆனால் நிறையக் கருதுவார். இந்தச் செய்தியைக் கத்தரித்து வைத்துக்கொண்டு வருகிற ஞாயிற்றுக்கிழமை சந்துக்காரர்களைக் கூட்டி, வார்த்தை காக்கும் பொறுப்பை என்னிடமிருந்து வாங்கித் தன்னிடம் வைத்துக்கொள்ளப் போகிறார். அதற்கு முன்னால் வரும் வெள்ளிக்கிழமைப் பத்திரிகையில் தாங்கள் மறுப்புப் போட்டு என் பேரைக் காப்பாற்ற வேண்டும். தண்ணீர் எனக்கு ஒரு நாளைக்கு இரண்டு குடம் போதும். பேர் போய்விட்டால் அது லாரியில் வராது.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். எங்கள் பக்கத்துக்கு லாரித் தண்ணீர் அனுப்பும் டெப்போவில் தை மாதம் ஒரு கம்ப்யூட்டர் கொண்டுவந்து வைத்தார்கள். அதற்குக் குங்குமம் வைத்து, மாலை போட்டு, தனி அறை கொடுத்து, குளிர்சாதனமும் போட்டு, தண்ணீர் கேட்டு வருகிறவர்கள் செருப்பை வெளியே விட்டுவிட்டு வர வேண்டும் என்று சொன்னார்கள். அதுவரைக்கும் லாரி டிரைவருக்கு எங்கள் முகம் தெரியும், எங்களுக்கு அவர் முகம் தெரியும், அவர் தாமதமாக வந்தால் என்ன சொல்வோம் என்பதும் அவருக்குத் தெரியும். கம்ப்யூட்டர் வந்த பிறகு ஒவ்வொரு சந்திலிருந்தும் முதல் நாள் சாயங்காலம் போன் செய்து, மறுநாள் லாரி வேண்டுமா வேண்டாமா என்று சொல்ல வேண்டும், அது எந்த லாரி எங்கே என்று தானே முடிவு செய்யும் என்றார்கள். இரண்டாவது வாரமே இரண்டாம் சந்துக்காரர்கள் போன் செய்து, “மொதல் சந்துலருந்து பேசறேம்ப்பா, எங்களுக்குக் கொழாய்லயே வந்துகினு கீது, எங்க லாரிய ரெண்டாம் சந்துக்கு வுட்டுடு” என்று சொல்லி எங்கள் லாரியை வாங்கிக்கொண்டார்கள். மறுநாள் நாங்களும் இரண்டாம் சந்திலிருந்து பேசினோம். அதில் தப்பில்லை, அவர்கள்தான் ஆரம்பித்தார்கள். அதற்கு மறுநாள் இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில் பேசியதில், எலுமிச்சந்தோட்டத்தில் யாருக்குமே தண்ணீர் வேண்டாம் என்று கம்ப்யூட்டர் முடிவு செய்துவிட்டது.

அதன் பிறகுதான் டெப்போவின் இன்ஜினீயர் மதுவந்தி அம்மா, சின்ன வயசு, பொறுமைசாலி, எல்லாச் சந்துக்காரர்களையும் பம்ப்பு அறை வாசலில் கூட்டி வைத்துப் பேசினார். “டெப்போவுக்கு உங்க முகம் தெரியாது, குரல் மட்டும்தான் வருது. குரலை யார் வேணா மாத்திப் பேசலாம். அதனால சந்துக்கு ஒரு ரகசிய வார்த்தை. போன் பண்றவங்க அந்த வார்த்தையச் சொன்னாத்தான் டெப்போ நம்பும். அது சந்துல ஒரே ஒருத்தருக்குத்தான் தெரியணும்” என்றார். இந்த யோசனை எனக்குப் பிடித்தது. அதுவரை டெப்போ எங்களை நம்பாது, நாங்கள் டெப்போவை நம்ப மாட்டோம், அதில் ஒரு குறையும் இல்லாமல்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனாலும் ஒரு சின்னப் பெண் வந்து இனிமேல் நம்பிப் பார்க்கலாம் என்று கேட்கும்போது மறுக்க முடியவில்லை.

எங்கள் சந்துக்கு யார் என்று கேட்டதும் சுப்பராமன் சார் எழுந்தார். அவர் சர்க்கார் ஆபீசில் முப்பத்தைந்து வருஷம் கோப்பு பார்த்து ஓய்வு பெற்றவர். காலையில் காபிக்குச் சர்க்கரை கூடினாலும் டைரியில் எழுதுகிறவர். “என்கிட்ட விட்டுடுங்கோ. டைரியில குறிச்சு வெச்சுண்டுடறேன். டைரி பீரோவுல இருக்கும். பீரோ சாவி ஸ்வாமி அலமாரியில, விளக்குக்குப் பின்னாடி பத்திரமா இருக்கும்” என்றார்.

“இப்ப சாவி எங்க கீதுன்னு நாப்பது பேருக்குத் தெரிஞ்சிபோச்சே சார்” என்றாள் மீனாட்சி. அவள் எங்கள் சந்தில் ஜாக்கெட் தைக்கிறவள், வாயும் ஊசிதான். “எய்தி வெச்சாத்தான எவனாச்சும் படிப்பான்? எய்தவே தெரியாத ஆளுகிட்ட குடுத்துட்டா? நம்ம கன்னியப்பன் நைனாவுக்கு ஒரு எய்த்து தெரியாது. ஆனா எங்கம்மா கல்யாணத்துல எத்தினி அப்பளம் ஒடஞ்சிச்சின்னு இப்ப கேளு, சொல்லும்.”

முப்பத்தொன்று. எண்ணெய் சரியாகக் காயவில்லை. எனக்குப் படிக்கத் தெரியாது என்பதை ஒருவர் சிபாரிசாகச் சொன்னது அன்றைக்குத்தான் முதல் தடவை.

மதுவந்தி அம்மா என்னை மட்டும் குளிர் அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தி, “என்ன வார்த்தை தாத்தா? சுலபமா மத்தவங்க யோசிக்கிற மாதிரி இருக்கக் கூடாது” என்றார். யோசித்து, உயிரோடிருக்கும் யாருக்கும் தெரியாத ஒரு வார்த்தையை அவர் காதோடு சொன்னேன். அவர் அடிக்க அடிக்க, கண்ணாடியில் எழுத்து எதுவும் வரவில்லை, வெறும் பூப்பூவாக விழுந்தது. “என்னம்மா, எய்தலியா அது?” என்று கேட்டேன். “அதுக்குத் தெரியும் தாத்தா, ஆனா வெளியில காட்டாது” என்றார். அப்போதுதான் எனக்குக் கம்ப்யூட்டரின் மேல் மரியாதை வந்தது. அதுவும் என்னைப் போலத்தான்.

அடுத்து போன். எங்கள் சந்து முனையில் இருக்கும் எஸ்.டி.டி. பூத்துக்குச் சாயங்காலம் ஐந்து மணிக்கு நான் போவேன். கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே அடுத்துப் பேச வேண்டியவர்கள் என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அதனால் முதல் நாள் துண்டால் வாயை மூடிக்கொண்டு பேசினேன். அந்தப் பக்கம் போன் எடுக்கிறவர் சங்கரன் என்று ஒரு குமாஸ்தா. “யார்ரா அது, கெணத்துக்குள்ளருந்து பேசறது?” என்றார். “மொதல் சந்து” என்றேன். “வார்த்தை?” என்றார். சொன்னேன். “கேக்கல.” சொன்னேன். “பெர்சு, தெருவே கேக்கற மாதிரி சத்தமா சொல்லு” என்றார். தெருவே கேட்கக் கூடாது என்பதற்காகத்தானே அந்த வார்த்தை! போனை வைத்துவிட்டு டெப்போவுக்கு நடந்தே போய், செருப்பைக் கழற்றி, சங்கரனின் காதில் சொல்லிவிட்டு வந்தேன். “நேர்லயே வர்றதுன்னா அப்பறம் வார்த்தை எதுக்கு?” என்று கேட்டார். நியாயம்தான். மறுநாள் முதல் பூத்துக்காரம்மா எனக்காகப் பெட்டிக்குள் ஒரு திரை தைத்துப் போட்டார். மீனாட்சிதான் தைத்தாள், பூப்போட்ட துணி. அதற்குப் பிறகு நான் உள்ளே போனாலே வெளியே சிரிப்பார்கள், ஆனால் வார்த்தை வெளியே போகவில்லை.

என் ஜாக்கிரதைக்கு ஒரு சாட்சி சொல்கிறேன். பங்குனி மாதம் ஒரு நாள் பூத்துக்குப் போன் வந்து என்னைக் கூப்பிட்டார்கள். “ஐயா, டெப்போலருந்து பேசறோம். கம்ப்யூட்டர்ல எல்லா வார்த்தையும் அழிஞ்சிபோச்சி. சரிபாக்கணும், உங்க வார்த்தையக் கொஞ்சம் சொல்லுங்க” என்று ஒரு குரல், ரொம்ப மரியாதையாக. டெப்போவில் எனக்கு யாரும் அத்தனை மரியாதை கொடுத்ததில்லை, அதிலேயே சந்தேகம் வந்தது. “சரி நைனா, நீ டெப்போன்னு நான் எப்பிடி நம்பறது? சங்கரன் மேஜ காலு ஒண்ணு குட்டையா கீதே, அதுக்குக் கீழ இன்னா முட்டுக் குடுத்துக்கீது, சொல்லு” என்று கேட்டேன். போனை வைத்துவிட்டான். ஐயா, அவர்கள் நம்மிடம் வார்த்தை கேட்கிறார்களே, நாம் அவர்களிடம் கேட்க வேண்டாமா? இதை எந்த இன்ஜினீயரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. இருட்டில் ஒருவன் ‘ஸ்டேஷன் போகணும்’ என்று வண்டியில் ஏறினால், ‘எந்த ரயிலுக்கு சார்?’ என்று கேட்டுவிட்டுத்தான் மிதிப்பேன். ரயிலே இல்லாத நேரத்தில் ரயிலுக்குப் போகிறவனை எனக்குத் தெரியும்.

இப்படி இருக்கையில்தான் சித்திரை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் லாரி வரவில்லை. டெப்போவில் கேட்டால், நேற்று சாயங்காலம் நான் போன் செய்த பிறகு முதல் சந்திலிருந்து இன்னொரு போன் வந்ததாம், வார்த்தை சரியாக இருந்ததாம், மூன்று நாளைக்கு எங்கள் லாரியை இரண்டாம் சந்துக்கு விடச் சொன்னார்களாம். கம்ப்யூட்டரில் ஏறிவிட்டதை மூன்று நாளைக்கு இறக்க முடியாதாம். புதன்கிழமை மீனாட்சியின் மகளுக்கு வளைகாப்பு. நாற்பது பேர் சாப்பிட்டுவிட்டுச் சோடாவில் கை கழுவினார்கள். மாப்பிள்ளையின் அத்தை ஒருத்தி, “உங்க பக்கம் இதான் வழக்கமா?” என்று கேட்டாள். மீனாட்சி எல்லோர் முன்னாலும் என்னைப் பார்த்து, “நைனா, உன்ன நம்பி வாங்கிக் குடுத்தேன். எவன்கிட்ட ஒளறின?” என்றாள். அவள் என் கட்சிக்காரி. அவளே கேட்டதுதான் எனக்குத் தாங்கவில்லை. சுப்பராமன் சார் அன்றைக்கு டைரியில் மட்டும் எழுதிக்கொண்டார். வெள்ளிக்கிழமை உங்கள் பத்திரிகை வந்தது.

ஐயா, நான் ஒளறுகிறவன் இல்லை. நாற்பது வருஷம் வண்டி இழுத்து, வண்டி மிதித்துப் பிழைத்தவன். யாரை எந்த வாசலில் ஏற்றினேன், எந்த வாசலில் இறக்கினேன், இறங்கும்போது யார் கதவைத் திறந்தார்கள் என்பது எல்லாம் எனக்கு நேற்று மாதிரி. ஒன்றையும் ஒருவரிடமும் சொன்னதில்லை. சொன்னால் பாண்டி பஜாரில் பாதிக் கடையில் பாகப்பிரிவினை நடக்கும். ஆவடியில் மாநாடு நடந்த வருஷம் தங்கள் தகப்பனாரை லஸ் வீட்டு வாசலில் ஏற்றி, வாரத்துக்கு இரண்டு தரம் ராயப்பேட்டையில் ஒரு வீட்டு வாசலில் இறக்கியிருக்கிறேன். எந்த வீடு என்று சொல்ல மாட்டேன். ரகசியம் காப்பது என்றால் எப்படி என்று காட்டுவதற்காக மட்டும் இதைக் குறிப்பிட்டேன்.

ஆகவே வார்த்தை என் வாயிலிருந்து போகவில்லை என்றால் டெப்போவிலிருந்துதான் போயிருக்க வேண்டும் என்று முடிவு செய்து, அதைச் சோதித்துப் பார்த்தேன். போன சனிக்கிழமை பனகல் பார்க் பக்கத்தில் என்னைத் தெரியாத ஒரு பூத்துக்குப் போய் டெப்போவுக்குப் போன் செய்து, குரலைக் கொஞ்சம் மெல்லிசாக்கிக்கொண்டு, “மூணாம் சந்து” என்றேன். “வார்த்தை?” என்றார் சங்கரன். எனக்குத் தெரியாது. “அது வந்து சார்… நேத்துகூட சொன்னனே…” என்று இழுத்தேன். வேலை அதிகம் போலிருக்கிறது, பின்னால் நாலு போன் அடிக்கிறது. “இன்னாய்யா ரோதனை, நார்த்தங்காதான?” என்றார். “நார்த்தங்காதான் சார்” என்றேன். “சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே!” என்று அவரே எழுதிக்கொண்டார். அரை மணி கழித்து நாலாம் சந்தாகப் பேசினேன், கொஞ்சம் இருமினேன், அதற்குள் அந்த வார்த்தையையும் எடுத்துக் கொடுத்தார். பூட்டைப் போட்டுவிட்டு, வந்தவனுக்குக் கஷ்டமாக இருக்குமே என்று சாவியையும் நீட்டுகிற நல்ல மனசு. சோதனை அரைகுறையாக இருக்கக் கூடாது என்பதற்காக மூன்றாம் சந்து லாரியை எங்கள் சந்துக்கு விடச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் சரியாக வந்தது. சோதனைக்காக எல்லோரும் ஆளுக்கு நாலு குடம் பிடித்தோம்.

ஆகையால் தாங்கள் பத்திரிகையில் போட வேண்டியது என்னவென்றால், வார்த்தை கசிந்தது படிக்காத ஆளால் அல்ல, படித்த ஆளால்தான். டெப்போக்காரர்கள் வார்த்தையைக் கேட்கலாமே ஒழிய எடுத்துக் கொடுக்கக் கூடாது, சொல்லத் தெரியாமல் முழிக்கிறவனை முழிக்க விட வேண்டும். டெப்போ எங்களைக் கூப்பிட்டால் அதுவும் தன்னை யாரென்று நிரூபிக்க வேண்டும். லாரி மாறுகிறது என்றால் வார்த்தை சரியாக இருந்தாலும் பூத்துக்குத் திரும்ப ஒரு போன் போட்டு ‘நீங்கள்தான் சொன்னீர்களா?’ என்று ஒரு பேச்சுக் கேட்க வேண்டும். சங்கரன் பேரை எழுத வேண்டாம், பிள்ளை குட்டிக்காரர், ‘ஒரு குமாஸ்தா’ என்று போட்டால் போதும். கன்னியப்பன் குற்றமற்றவர் என்பதை மட்டும் பெரிய எழுத்தில், நான் அடையாளம் கண்டுகொள்கிற அளவுக்குப் பெரிதாகப் போட வேண்டும். எனக்கு எழுத்து தெரியாவிட்டாலும் பெரிசு சிறுசு தெரியும்.

தங்கள் பத்திரிகை ஆல்போல் தழைக்கட்டும். தங்கள் வீட்டுக் குழாயில் எந்நேரமும் தண்ணீர் வரட்டும், மேல் மாடி வரைக்கும் ஏறட்டும். தங்கள் தகப்பனாருக்கு என் நமஸ்காரம். அவர் காலமாகியிருந்தால் படத்துக்குச் சொல்லவும்.

இப்படிக்கு,
பழைய ரிக்‌ஷாக்காரன் கன்னியப்பன்
(இடது கைப் பெருவிரல். சொல்லக் கேட்டு எழுதியது: ஹபீபுர் ரஹ்மான்.)

பின்குறிப்பு: பாய் இதுவரைக்கும் உரக்கப் படித்துக் காட்டி, மடித்து, உறைக்குள் போட்டுப் பசை தடவப் போகும்போது, தபாலாபீஸ் வரிசையிலிருந்து ஒருவர் இறங்கி வந்தார். சங்கரன். ஊருக்கு மணியார்டர் அனுப்ப வந்தவர், பாய் படித்தது முழுவதையும் வரிசையில் நின்றபடியே கேட்டுவிட்டார். மற்றவர்களும் கேட்டுவிட்டார்கள்.

“பெர்சு, மூணாம் சந்துக்கு நான் எடுத்துக் குடுத்தேன், ஒத்துக்கறேன். நாலாம் சந்தும் நான்தான். ஆனா உன் வார்த்தைய நான் குடுக்கல. பெத்த புள்ள மேல சத்தியம்” என்றார்.

“அப்ப ஆகாசத்துலருந்து வந்துச்சா?”

“நான் வாயத் தொறக்கறதுக்குள்ள அந்தம்மாவே சொல்லிட்டாங்க.”

“எந்தம்மா?”

“வயசானவங்க குரல். வார்த்தையச் சொல்லிட்டு ஒரு சிரிப்பு சிரிச்சாங்க. ‘அந்தாளு வேற இன்னாத்த வெச்சிருக்கப் போறான்’னாங்க. ரெண்டாம் சந்து கடைசி வூட்டுக்கு முன்னாடி நிறுத்தச் சொன்னாங்க.”

பாயைக் கடிதத்தை அப்படியே வைத்திருக்கச் சொல்லிவிட்டு இரண்டாம் சந்துக்குப் போனேன். எனக்கும் அந்தச் சந்துக்கும் பேச்சு வார்த்தை இல்லை, அதனால் கடைசி வீடு வரைக்கும் நான் போனதே கிடையாது. வாசலில் இரண்டு குடம், நிறையத் தண்ணீர். அவற்றுக்கு நடுவில் ஒருத்தி உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை முழுவதும் வெள்ளை. நிமிர்ந்து பார்த்து அந்த வார்த்தையைச் சொல்லித்தான் கூப்பிட்டாள். காதில் அதைக் கேட்டு இருபது வருஷம் இருக்கும்.

“நீ செத்துட்டேன்னு சொன்னாங்க” என்றேன்.

“எவன் சொன்னான்?”

“திருவொத்தியூர்லருந்து வந்த ஒர்த்தன்.”

“அவன் செத்துட்டான்” என்றாள். “நான் தை மாசத்துலருந்து இங்கதான் கீறேன், என் பொண்ணு வூட்ல. நீ மூஞ்சிய மூடிக்கினு பூத்துக்குள்ள போறதத் தெனிக்கும் பாத்துக்கினுதான் கீறேன். இன்னா ரகசியம்னு கேட்டேன். இதுன்னாங்க. நீ இன்னா வார்த்த வெச்சிருப்பேன்னு எனக்குத் தெரியாதா?”

“எங்காளுங்க சோடால கை கய்வினாங்க.”

“எங்காளுங்களுக்கு ரெண்டு நாளா அதுவும் இல்ல. உங்கிட்ட வந்து கேட்டிருந்தா குடுத்திருப்பியா?”

“குடுத்திருப்பேன்.”

“அதான் எடுத்துக்கினேன்” என்று இன்னொரு கட்டுக் கீரையைப் பிரித்தாள்.

ஆகையால் ஆசிரியர் ஐயா அவர்கள் மேலே எழுதிய எதையும் போட வேண்டாம். மறுப்பும் வேண்டாம், பெரிய எழுத்தும் வேண்டாம். தாங்கள் போட்ட செய்தியே சரி. வார்த்தை என்னால்தான் கசிந்தது. எழுத்தறிவில்லாதவனிடம் கொடுத்தது தப்பு என்று சுப்பராமன் சார் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. எழுதத் தெரிந்தவனாக இருந்தால் என் மனசில் இருக்கும் ஒரே வார்த்தையை எடுத்துக் கொடுக்காமல் புத்தகத்தில் பார்த்து வேறு ஒன்றைக் கொடுத்திருப்பேன். ஞாயிற்றுக்கிழமை நானே பொறுப்பை அவரிடம் கொடுத்துவிடுகிறேன். மீனாட்சியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். மூன்றாம் சந்துக்கு ஒரு லாரி பாக்கி, அதைப் பிறகு பார்க்கலாம்.

அந்த வார்த்தை என்ன என்று சொல்ல மாட்டேன். அது மாம்பலம் ஸ்டேஷன் ஸ்டாண்டில் என்னைக் கூப்பிட்ட பேர் என்பதை மட்டும் தங்களுக்குச் சொல்லலாம். என் சம்சாரம் இருந்தவரைக்கும் அவளுக்கே தெரியாது. அப்படிக் கூப்பிட்டவர்கள் மொத்தம் ஐந்து பேர். ஸ்டாண்டுத் தலைவர் சர்தார், டிராம் நின்ற வருஷம் போனார். பங்காரு, தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன வருஷம். ஒற்றைக் கண் மாசிலாமணி, கை ரிக்‌ஷாவை ஒழித்த மறு மாதம், இழுக்க ஒன்றும் இல்லாமல். சோடாக்கடை ஹனீஃபா, ஸ்கைலாப் தலையில் விழும் என்று பயந்து வெளியே வராமல் இருந்த வருஷம், வீட்டுக்குள்ளேயே. நாலு பேரும் போய்விட்டார்கள். எங்களுக்கெல்லாம் விடிகாலையில் ஆப்பம் சுட்டுப் போட்டு, அந்தப் பேரை எனக்கு வைத்ததே அந்தக் கடைசி வீட்டுக்காரிதான்.

“அந்தம்மா பேர் எதுக்கு கன்னியப்பா? பத்திரிகைக்குப் போற காயிதம்” என்று பாய் பேனாவைத் தூக்கிக்கொண்டார். இந்த இடத்தைப் படிக்காதீர்கள், எழுத மட்டும் எழுதுங்கள் என்றேன். “எய்துங்க பாய். அவ பேர எய்தினா எப்பிடி இருக்கும்னு நான் ஒரு நாளும் பாத்ததில்ல.”

ஐந்தாவது ஆள் உயிரோடு இருக்கிறாள். முத்தம்மா.